பள்ளிப் போர்டும் அரை மணித்தியாலமும்

விண்டோஸுக்கு எழுதிய புரோகிராம்களை லினக்ஸில் ஓட வைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றில் நான் நெடுங்காலமாகப் பிழை திருத்துகிறேன். புரோகிராம் விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்கும். விண்டோஸ் என்ன சொல்லுமோ அதையே நாங்களும் சொல்ல வேண்டும். புத்திசாலித்தனம் காட்டப் போனால் வம்புதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், ஆகப் பெரிய பக் எது என்று கேட்பார்கள். இரண்டு வரியில் திருத்திய ஒன்றைத்தான் நான் சொல்வேன். அது ஒரு நோன்பை முறித்தது.

கல்முனைக்குடியில் ஒரு பள்ளிவாசலின் பழைய கணினி செத்துப்போனது. தொழுகை நேரங்களைக் கணித்து, சுவர்ப் போர்டில் காட்டி, நேரம் வந்ததும் பஸர் அடிக்கும் புரோகிராம் அதில் இருந்தது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், சோர்ஸ் கோட் யாரிடமும் இல்லை. நான் அதை ஒரு லினக்ஸ் கணினியில் ஓட வைத்தேன். போர்ட் எரிந்தது. ஆனால் எல்லா நேரத்தையும் அரை மணித்தியாலம் பிந்திக் காட்டியது.

அன்று பொழுது பட்டதும் பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, மோதினார் பாங்கு சொல்லி முடிஞ்சிட்டு. ஒங்கட போர்ட் இன்னும் மஃரிபுக்கு யோசிச்சிட்டு இரிக்கி. நோன்பு வரப்போகுது. சஹர் சாப்பாட்டு முடிவயும் இப்பிடிப் பிந்திக் காட்டினா, ஊரே சுபஹுக்குப் பொறகு சாப்பிட்டுட்டு நோன்பு புடிக்கும். ஆர் பொறுப்பு?"

"ஒரு கிழமை தாங்க காக்கா."

நம் நாட்டில் ஒரு காலத்தில் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்து, பிறகு பழையபடி திருப்பினார்கள். எங்கள் மென்பொருள் இந்தப் புரோகிராமுக்கு அந்த இடைக்கால நேரத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. திருத்தி அனுப்பினேன். எந்தத் திருத்தத்தையும் சேர்க்குமுன் இன்னொருவர் சரிபார்ப்பார், அதுதான் ரிவியூ; அதைச் செய்தவர் விடவில்லை. விண்டோஸும் இப்படித்தான் சொல்லும் என்பதற்கு டெஸ்ட் எங்கே என்றார். எரிச்சலோடு எழுதி, நண்பரின் கடையிலிருந்த விண்டோஸ் கணினியில் ஓட்டிக் காட்டினேன். கேட்ட ஏழு நாளும் கடந்து, முதல் நோன்பன்று பகல்தான் ஏற்றுக்கொண்டார்கள். பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் மருதமுனையில் என் வீட்டிலிருந்தபடியே பள்ளிக் கணினிக்குப் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு, நோன்பு திறக்க அந்தப் பள்ளிக்கே போனேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பஸர் அடித்தது. முன்னால் இருந்த மரைக்கார் பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்தார். மற்றவர்களின் கை கஞ்சிக் கோப்பைக்குப் போனது. தொழுகைக்கு அழைக்கும் மோதினார் மைக்கைத் தொடுமுன், தன் வழக்கப்படி விறாந்தைக்குப் போய் மேற்கே பார்த்தார். வயலுக்கு மேலே சூரியன் முழுதாக நின்றது.

"ஒருத்தரும் வாயில வெக்காதீங்க! பொழுது இன்னும் படல்ல!"

மரைக்கார் துப்பினார். பாதி உள்ளே போய்விட்டிருந்தது. எல்லாரும் போர்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன செஞ்ச நீ?" என்றார் மரைக்கார்.

"அந்தப் பிழையத்தான் திருத்தின, காக்கா."

"அத நான் அண்டைக்கே திருத்திட்டேனே!"

புரோகிராமின் செட்டிங்ஸில் நிமிடங்களைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் இடம் இருந்தது. பொறுமை இழந்த மனிதர் அதில் முப்பதைக் குறைத்துவிட்டார். போர்ட் ஒழுங்காகிவிட்டதால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"புது நேரம், பழைய நேரம் எண்டு அந்தக் காலத்துல நாங்க கையால கூட்டிக் கொறச்சித்தான் சமாளிச்ச. இதெல்லாம் ஒனக்குச் சொல்லணுமா?"

அவர் தலைமுறைக்கு அரை மணித்தியாலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கைப்பழக்கம். அவர் செய்ததும் சரி, நான் செய்ததும் சரி. இரண்டும் சேர்ந்ததில்தான் பிழை வந்தது. நான் முப்பதை எடுத்துவிட்டேன். கஞ்சி ஆற ஆற, பொழுது படும் வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்து மரைக்கார் அந்த நோன்புக்குப் பதிலாக இன்னொரு நாள் நோன்பு பிடித்துக் களாச் செய்தார். அன்று நானும் நோன்பு பிடித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்தேன். பஸர் சரியான நேரத்துக்கு அடித்தது. அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மோதினார் விறாந்தைக்குப் போய், மேற்கே பார்த்து, திரும்பி வந்து தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் மரைக்கார் கடித்தார்.

இப்போதெல்லாம் எந்தப் பிழையைத் திருத்துவதற்கு முன்னும், அதோடு சமாளித்துப் பழகியவர்கள் யார் என்று தேடிக் கேட்டுவிடுகிறேன். மோதினார் இன்றைக்கும் போர்டை நம்பிப் பாங்கு சொல்வதில்லையாம். எனக்குக் கோபமில்லை. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ரிவியூ.