முதலிடத்துக்குப் போகும் வழி

செட்டிபாளையத்தில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடைக்கார அருமைநாயகம் மாமா. சண்டைக் காலம். மேல்படிப்புக்குப் போக இருந்த அவரது மகள் நிரஞ்சினி, வணிகப் பட்டப்படிப்புகளின் தரவரிசையைப் பேப்பரில் பார்த்து உரத்து வாசித்தாள். படித்து முடித்தவர்கள் எடுக்கும் சம்பளத்தை வைத்துத்தான் இடம் போட்டிருந்தார்களாம். முதலிடம் கொழும்பில்.

“போற வழியில எத்தின செக்பொயின்ற் எண்டு பாத்தாங்களா?” என்று மாமா கேட்டார்.

“அதுக்குப் புள்ளி இல்ல அப்பா.”

“அப்ப இது ஆருக்குப் போட்ட வரிசை?”

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழியைப் பார்த்து வரத் தானே கொழும்பு பஸ் ஏறினார். சொன்ன நாளில் திரும்பவில்லை. நிரஞ்சினி வாசல் படலைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். பேப்பரை அடுப்பில் போட்டாள். மறுநாள்தான் மாமா வந்தார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்து வைத்திருந்தார்களாம்.

“நான் போகல்ல அப்பா.”

“போ புள்ள. இனி என்ட முகம் அவனுகளுக்குத் தெரியும். நான்தான் கூட்டிப் போவன்.”