ஒன்பது டிக், ஒரு கோடு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்வாடியில், சிறு குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்காகச் சனிக்கிழமை காலைகளில் படிக்கும் நேரம் ஒன்றை நாங்கள் நான்கு பேர் தொடங்கினோம்.
2. குழந்தைகளின் முன்னேற்றத்தைக் குறித்துவைக்க, பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை நான் தயாரித்தேன்.
3. ஒரு பெண் குழந்தைக்கு ஒன்பது டிக் போட்டேன். 'படத்தைப் பார்த்து வாய்விட்டுப் பெயர் சொல்கிறதா' என்ற பத்தாவது கேள்விக்கு எதிரே ஒரு கோடு போட்டேன்.
4. அவள் பேசவில்லையே என்று கவலைப்பட்ட தாயிடம் அந்தத் தாளைக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.
5. மதுரைக்கு டாக்டரிடம் போவதற்காக எழுதிக் கொடுத்திருந்த லீவைத் தாய் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
6. எட்டு மாதம் போனது.
7. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது.

இதில் நான்காவதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

நான் டெக்ஸ்டைல் படித்தவள். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அந்தத் தாய் அதே மில்லில், ஸ்பின்னிங்கில், அறுந்த நூலை ஒட்டும் வேலை பார்ப்பவள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஸ்பின்னிங் ஹாலுக்குள் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் மிஷின் சத்தத்தில் கேட்காது. தோளைத் தொடுவார்கள், இல்லையென்றால் கையை ஆட்டுவார்கள். மணிக்கட்டைத் தட்டினால் மணி என்ன என்று அர்த்தம். கட்டைவிரல் வாயருகே போனால் தண்ணீர். சூப்பர்வைசரின் தொந்திக்கு ஒரு சைகை உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை முழுக்கச் சிரிக்கும், அவருக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனாலும் அந்தக் கை நிற்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கும்போதே விரல்கள் குவிந்து வாய்க்குப் போய்விடும். மூன்று வருடத்தில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. "ஏட்டி, வாய் என்னத்துக்கு இருக்கு?" என்று என் அம்மா திட்டுவாள்.

சனிக்கிழமைகளுக்கு நாங்கள் துணிப் புத்தகங்கள் தைத்தோம். பேண்டேஜ் தயாரிக்கும் இடத்தில் மிஞ்சிய வெள்ளைத் துணியை மடித்துத் தைத்து, காக்கா, பஸ், குடம், நிலா என்று பக்கத்துக்கு ஒரு படம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாய் கேட்க வேண்டும், குழந்தை காட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். மற்ற குழந்தைகள் அழும், ஓடும், புத்தகத்தைக் கடிக்கும். இந்தக் குழந்தை அசையாமல் உட்கார்ந்து பார்க்கும். "காக்கா எங்க?" என்று தாய் கேட்பாள். கேட்கும்போதே முழங்கைகள் இரண்டும் சிறகு மாதிரி ஒருமுறை அடித்து அடங்கும். குழந்தையின் விரல் காக்காவில் போய் நிற்கும். "பஸ்ஸு?" கைகள் ஸ்டியரிங்கைத் திருப்பும். விரல் பஸ்ஸில் நிற்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

"இந்த ஒரு புள்ளதான் நம்ம மானத்தக் காப்பாத்துது," என்பார் பால்வாடி டீச்சர்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே டீச்சர், புஸ்தகத்தத் திங்கத்தான் லாயக்கு," என்று பக்கத்தில் ஒருத்தி தன் பையனின் வாயிலிருந்து நிலாவைப் பிடுங்குவாள்.

'கேட்ட படத்தைக் காட்டுகிறதா': டிக். 'கூப்பிட்டால் திரும்புகிறதா' என்ற கேள்விக்கு, கூப்பிடுங்கள் என்றேன். தாய் பெயரைச் சொல்லிக்கொண்டே பாயைத் தட்டினாள். குழந்தை திரும்பியது. டிக். அவள் கை தட்டியதை நான் பார்த்தேன். பார்த்தும் அது எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். "மேடம், ரெண்டு வயசு முடிஞ்சிட்டு. இன்னும் அம்மான்னு ஒரு சொல்லு சொல்ல மாட்டேங்கா."

"இங்க என்னட்டி மேடம்? அக்கான்னு கூப்பிடு," என்றார் டீச்சர்.

"மில்லுல மேடம், இங்க அக்காவா? நாக்கு கொழம்பிக்கிடும் டீச்சர்." சிரித்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தாள். "புதன்கெழம மதுரைக்குக் கூட்டிட்டுப் போலாம்னு லீவு எழுதிக் குடுத்திருக்கேன். போவவா?"

தாளை அவள் பக்கம் திருப்பினேன். பத்துக்கு ஒன்பது என்றேன். சில குழந்தைகள் தாமதமாகப் பேசும், புத்தகத்தோடு இப்படி ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்குப் பேச்சு தானாக வரும் என்றேன். எங்கோ படித்த வாக்கியங்கள். அவள் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். "அப்பம் இருக்கிற லீவப் பிரசவத்துக்கு வச்சிக்கிடுதேன்," என்றாள். தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மில்லில் நூல் சுற்றிய பத்துக் கோனில் ஒன்று தவறினால் அந்த லாட்டை நான் வெளியே விடமாட்டேன். நிறுத்தி, எந்த மிஷின், எந்தக் கதிர் என்று தேடுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இங்கே அந்தக் கோட்டை நான் தேடவே இல்லை.

வயிறு பெரிதானதும் அவள் சனிக்கிழமைகளுக்கு வருவது நின்றது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு மாதக் குழந்தை. மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய புத்தகத்தைத் தானே எடுத்து விரித்தாள். தாயின் இரண்டு கையும் சின்னதைத் தாங்கியிருந்தன.

"காக்கா எங்கட்டி? அக்காகிட்ட காட்டு."

குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னதின் முதுகுக்கு அடியில் இருந்த கையைப் பார்த்தது. காத்திருந்தது.

"காக்கா. காக்கா எங்க?" அவள் சத்தத்தைக் கூட்டினாள். குழந்தை குனிந்து, அந்தக் கையை வெளியே இழுக்கப் பார்த்தது.

"வெளாட்டுப் புத்தி, கவனிக்கல," என்றார் டீச்சர். நான் எழுந்து போய், மூத்தவளின் பின்னால் நின்று, டம்ளரால் தட்டை ஓங்கித் தட்டினேன். மடியில் இருந்த சின்னது தூக்கிவாரிப்போட்டு அழுதது. டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். மூத்தவள் இன்னும் தாயின் கையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

தாய் என்னைப் பார்த்தாள். "அப்பம் இம்புட்டு நாளும் நான் பேசுனது?"



மதுரையில் குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதுமே. எப்போது முதலில் சந்தேகம் வந்தது என்று டாக்டர் கேட்டார். நான் தேதியைச் சொன்னேன். அது தாளின் மேல் மூலையில் என் கையெழுத்தில் இருந்தது. அப்பவே வந்திருக்கலாமே என்றார். இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்றார்.

திரும்பி வரும் ரயிலில், திருமங்கலம் தாண்டிய பிறகு அவள் சொன்னாள்: "நான் போறேன்னுதான் இருந்தேன். உங்க பேப்பரப் பாத்துத்தான் நின்னேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் விவரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சின்னதுக்குப் பால் கொடுத்தாள்.

காது மிஷின் வந்தது. வாரம் ஒருநாள் மதுரையில் பேச்சுப் பயிற்சி. முதல் வகுப்புக்கு நானும் போனேன். பயிற்சி கொடுத்த பெண் அன்பாகத்தான் சொன்னார்: "கைய மடியில வைங்கம்மா. கையப் பாத்துப் புரிஞ்சிக்கிட்டா காது வேல செய்யாது. வாயால மட்டும் சொல்லுங்க."

அவள் கையை மடியில் வைத்தாள். "காக்கா," என்றாள். குழந்தை அவள் கையை எடுத்தது. அவள் திரும்ப மடியில் வைத்தாள். குழந்தை மறுபடி எடுத்து, இரண்டு முழங்கைகளையும் பிடித்துத் தானே ஆட்டியது. கடைசியில் அவள் கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை அறை அதிர அழுதது. அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஒரே பேச்சு அந்தக் கைதான். அதை நிறுத்தச் சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டதில் என் தாளுக்கும் பங்கு உண்டு.

இன்றைய நிலை இது. குழந்தைக்கு மூன்று வயது இரண்டு மாதம். இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குமேல் வைத்துக்கொள்வதில்லை. காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், தேதி வரவில்லை. இளையதுக்குக் காது கேட்கிறது. சனிக்கிழமைகள் நடக்கின்றன, நான் போவதில்லை. மில்லில் அவளை நான் கடக்கும்போது மணிக்கட்டைத் தட்டி மணி கேட்கிறாள், விரலால் சொல்கிறேன். மூத்தவள் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை.