ஜெபிக்கிறேன் என்று எழுதினேன்

நடந்தது இதுதான்:

1. வேலை தேடிய நாட்களில் இணையத்தில் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்தேன்.
2. அங்கே எஸ்தர் அக்கா இரண்டு வருடம் மின்னஞ்சலிலேயே என் விசுவாசத்தைத் தாங்கினார்.
3. தனக்கு அறுவை சிகிச்சை என்று எழுதினார். "ஜெபிக்கிறேன் அக்கா" என்று பதில் அனுப்பினேன்.
4. வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் ஜெபிக்க மறந்துவிட்டேன்.
5. அடுத்த வாரம் அவர் இறந்த செய்தி வந்தது.

வேலை தேட நான் வழக்கமாகப் போகும் கொடைக்கானல் பிரவுசிங் சென்டரிலேயே அழுதேன். கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இந்த வேலையும் போச்சா?"

"இல்லண்ணே. ஒரு அக்கா இறந்துட்டாங்க. நேர்ல பாத்ததேயில்ல."

"பாக்காத ஆளுக்கா இம்புட்டு அழுகை? நெறையச் செஞ்சிருக்காங்க போல."

"ஆமாண்ணே. நாந்தான் ஒண்ணும் செய்யல."

என் ஜெபம் அவரைப் பிழைக்க வைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. சொன்னதை நான் செய்யவில்லை. பாதி தட்டியிருந்த இரங்கலை அழித்துவிட்டு, அதையே குழுவுக்கு எழுதினேன். இனி முதலில் ஜெபம், பிறகுதான் பதில் என்று முடிவெடுத்தேன்.

குழுவில் அக்கா கவனித்த ஜெப விண்ணப்பங்களை இப்போது நான் கவனிக்கிறேன். இன்று ஏழு வந்தன. ஐந்துக்குப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற இரண்டுக்கு இன்னும் ஜெபிக்கவில்லை.