பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றவர்

விற்கப்போகும் மாட்டைக் குளிப்பாட்டாதே என்று சொல்லும் தரகரைப் பார்த்திருக்கிறீர்களா? எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் என் அக்கா வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தார். மாட்டுக்காக அல்ல, காருக்காக.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, மடக்குகிற துணிக்கூரை, வெயிலில் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்ட சிவப்பு. பல்லாவரத்துக்குத் தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. அந்தத் தோல் மண்டியில் கணக்கு எழுதிய அத்தான் அதை முதலாளியிடமிருந்து வாங்கிக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டார். பறக்கப் பிறந்த வண்டி பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் நகரும். பாதி வழியில் கொதித்து நிற்கும். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நடப்பார். கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். வண்டி வீட்டின் பக்கவாட்டு இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த இடத்தில்தான் அக்காவுக்கு ஓர் அறை வேண்டும், தையல் சொல்லிக்கொடுக்க. கூடத்தில் மெஷினும், மெஷினைச் சுற்றிப் பெண்களும், அவர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடும் நாங்களும். கார் போனால் அறை. அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பிய நேரம். வெள்ளை பேன்ட். அந்த வெள்ளையோடு மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். இன்ஜினில் பொறித்திருந்த நம்பரைக் கைக்குட்டையால் துடைத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

“எதையும் மாத்தாதீங்க சார். பெயின்ட்கூட அடிக்காதீங்க. அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன்.”

“இந்தப் பழசை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணுவீங்க?” என்றார் அத்தான்.

“சும்மா வெச்சிருப்பேன். இதுக்கெல்லாம் ஒரு காலம் வரும். பாருங்க, நாளைக்கு ஜப்பான் வண்டியையும் ஜனங்க இப்படித் தேடி அலைவாங்க.”

அதோடு அத்தானின் முகம் மூடிக்கொண்டது. ஜப்பான் என்றால் எங்களுக்குச் சாவி கொடுத்தால் ரெண்டு நாள் குதிக்கிற தகரப் பொம்மை. அவர் தெருமுனை திரும்பியதும் அத்தான் என் பக்கம் சாய்ந்தார். “ஜப்பான் காரைத் தேடுவாங்களாம் மச்சான்! ஆளு ஃபிராடு.”

சந்தேகம் புழுக்கம் மாதிரி. ஜன்னலைத் திறந்தாலும் போகாது. தங்க பிஸ்கட் கடத்தல் பேப்பரில் அடிபட்ட காலம் அது. அத்தான் கூப்பிட்டனுப்பிய மெக்கானிக் வந்தார், பீடியைக் காதில் செருகிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“சார், உள்ள தங்கம் கீது. இல்லாங்காட்டி வெள்ள பேன்ட்டு போட்டுகினு எவனாவது மண்ணுல பட்த்துப் பார்ப்பானா?”

அக்கா குறுக்கே வந்தாள். “எதையும் தொடாதீங்கன்னுதானே அவர் சொன்னாரு?”

“அதனாலதான் தொடணும்!” என்றார் அத்தான்.

கதவுகளின் உள்தோலைக் கிழித்தார்கள். சீட்டைப் பிளந்தார்கள். கடைசியில் இன்ஜினையும் இறக்கிக் குடைந்தார்கள். தங்கம் இல்லை. பிரித்ததை மறுபடி சேர்க்கவும் வரவில்லை. கிழித்தது தெரியக்கூடாதே என்று புது ரெக்ஸின், ஏதோ பழைய வேனின் டீசல் இன்ஜின், மேலே கிளிப்பச்சை பெயின்ட். பழைய இன்ஜின் இரும்புக் கடைக்குப் போனது.

சொன்ன மாதிரி அடுத்த மாதம் வெள்ளை பேன்ட்காரர் வந்தார். பச்சையைப் பார்த்தார். இன்ஜின் மூடியைத் தூக்கினார், மெதுவாக இறக்கினார், தூங்குகிற பிள்ளையின் முகத்தில் போர்வையை இழுத்துவிடுவதுபோல. தண்ணீர் கேட்டுக் குடித்தார். “வரேன் சார்.”

அக்கா வாசல்வரை ஓடினாள். “அண்ணா, உண்மையைச் சொல்லிட்டுப் போங்க. உள்ள என்னதான் இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா. செஞ்சவன் செஞ்சபடியே இருந்துச்சு. அவ்ளோதான்.”

அத்தான் ஜெயித்தவர்போல் கைகொட்டினார். “பாத்தியா? சரக்கு இல்லன்னு தெரிஞ்சதும் கழண்டுக்கிட்டான். அப்ப சரக்கை யார் அடிச்சது?” அன்றிலிருந்து மெக்கானிக்கை வாசற்படி ஏற விடவில்லை. அவர் வராததால் டீசல் இன்ஜினும் ஒரு நாள் மூச்சை நிறுத்திக்கொண்டது.

அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளைத் துணி போர்த்தி வளர்க்கிறார்கள் என்று இப்போது கேள்விப்படுகிறேன். ஜப்பான் வண்டிகளையும்தான். அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஓடப் பிறந்ததை நிறுத்திவைத்துப் பூரிக்கிறவர்களை என்னால் இன்றும் முழுதாக நம்ப முடியவில்லை. அந்த வெள்ளை பேன்ட்டையும்.

அக்கா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மழைக்கு முன்னால் ஒரு காலை, கொத்தனாரை வரச் சொல்லிவிட்டுத் தெரு ஆண்களைத் திரட்டினாள். நானும் தோள் கொடுத்தேன். அத்தான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வண்டி முனகி, அசைந்து, வேலி வாசலைத் தாண்டித் தெருவோரத்துக்கு உருண்டது. அக்கா அந்த இடத்தில் இறங்கி, காலடியால் அறையை அளக்கத் தொடங்கிவிட்டாள்.

அத்தான் மட்டும் கண்ணாடியில், இன்னும் தள்ளிக்கொண்டிருந்த எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருப்பா அது, இடது பக்கம்? எதுக்கு இவ்ளோ ஆசையா தள்ற?”