ரெய்னா கேட்காத சூரியன்

பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து "உன் கதையைச் சொல்" என்பது சுலபம். சொன்னபின் உட்கார்ந்து கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யாருக்கு வகுப்பு

அமெரிக்காவில், சன்னிவேல் நகரில் நான் வீடியோ எடிட்டர். கோடையில் இரண்டு வாரம், அமெரிக்கப் பூர்வகுடி (இங்கே 'அமெரிக்கன் இண்டியன்' என்பார்கள்) ஹைஸ்கூல் மாணவர்களுக்கு ஒரு கல்லூரியில் படம் எடுக்கக் கற்றுத்தருவேன். பக்கத்து வீட்டு உமா ஆன்ட்டிக்குத் தன் மகளையும் சேர்க்க ஆசை. காலேஜ் அப்ளிகேஷனில் எடுப்பாக இருக்குமாம். இது அவர்களுக்கு மட்டும் என்று விளக்கினேன். ஆன்ட்டி விடவில்லை.

"ஏம்ப்பா, நாமளும் இண்டியன்ஸ்தானே?"

முடிவு

அந்த வகுப்புக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள் ரெய்னா. அவள் சித்தி மூன்று வருடம் முன்பு வேலைக்குக் கிளம்பியவர், வீடு திரும்பவில்லை. 'காணவில்லை' போஸ்டர்கள் வெயிலில் வெளுக்க வெளுக்க, அம்மாவும் இவளும் பெட்ரோல் பங்க் பெட்ரோல் பங்க்காகப் போய்ப் புதிதாக ஒட்டுகிறார்கள். அதைத்தான் படமாக எடுத்திருந்தாள். நன்றாக இருந்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி, கதைக்கு முடிவு வேண்டும் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"முடிவு தெரிஞ்சா நான் ஏன் படம் எடுக்கப்போறேன்?"

பத்து விநாடி

கடைசி நாள் திரையிடலுக்கு விருந்தினர்கள் வருகிறார்கள், கொஞ்சம் நம்பிக்கையோடு முடியட்டும் என்றார் இந்த வகுப்பை நடத்தும் திட்ட இயக்குநர். தப்பு என்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு வந்து, போஸ்டருக்குப் பிறகு பத்து விநாடி சூரிய உதயத்தை நானே ஒட்டினேன். ரெய்னா ஒருமுறை பார்த்தாள். மவுஸை வாங்கி, கடைசியில் இருந்த தன் பெயரை அழித்தாள்.

"அந்தச் சூரியன் நீங்க வச்சது. உங்க பேரையே போட்டுக்கோங்க."

அப்போதாவது அந்தச் சூரியனை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை.

திரையிடல்

அரங்கம் கைதட்டியது. ரெய்னா தலை நிமிரவில்லை. விளக்குப் போட்டதும் அவளுடைய அம்மா நேராக என்னிடம் வந்தார். அன்று காலைதான் காரில் வந்திருந்தார். படத்தை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"கடைசில விடியற மாதிரி காட்டினீங்களே, என் தங்கச்சியைப் பத்தி எதாவது தகவல் வந்திருக்கா?"

வெட்டி ஒட்டுவதில் எனக்குப் பத்து வருட அனுபவம் என்று என் பயோடேட்டாவில் இன்னும் இருக்கிறது.