ரீஷெட்யூல் என்று வந்த செய்தி

பிள்ளைகளா, ரீஷெட்யூல் என்றால் என்னவென்று கேட்டீர்களே, அதை என்னிடம் முதலில் கேட்டவர் ஒரு பெரியவர். தென்காசி ஸ்டேஷனில் சென்னை ரயில் வந்து போனபின் என் ஆட்டோவுக்கு வந்தார். கழுத்தில் கைக்குட்டை, கையில் இரண்டு துண்டும் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும். பேசும்போதெல்லாம் பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தார். சீசனுக்கு வரும் மகனை நேரே குற்றாலத்தில் குளிக்கவைத்த பிறகுதான் புளியறை வீட்டுக்குக் கூட்டிப்போவாராம். மகன் இறங்கவில்லை. போனை நீட்டினார்.

“தம்பி, மவன் ‘ரீஷெட்யூல்’னு போட்டிருக்கான். வரலன்னு சொல்லுதானா?”

“இல்ல அண்ணாச்சி, வேற நாளுக்கு மாத்திருக்காரு.”

“எந்த நாளுக்கு?”

செய்தியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். நாள் இல்லை.

“அதையும் சேத்துச் சொல்லணும் அண்ணாச்சி. அப்பத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்.”

“போன சீசனுக்கும் இதத்தாம்லே சொன்னான்” என்று சிரித்தார். “அருவி அவனுக்காவ நிக்குமா? சாரல் விட்டா வெறும் பாறைதான்.”

அவரைப் புளியறை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிறகு சவாரி எதுவும் ஏற்றாமல் குற்றாலத்துக்குப் போய், இன்னும் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.