அவன் துள்ளும் முன்பே

ஸ்காபரோப் பூங்காவில் கரப்பந்துப் போட்டி. எங்கள் ஊர்க் கழகத்துக்காக மகன் ஆடுகிறான். மகனைப் பார்க்க என்னோடு இங்கு வர வீசா கிடைக்காமல் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்ட மனைவி, அவன் துள்ளி அடிப்பதைப் படமெடுத்து வரச் சொல்லியிருக்கிறாள். ஆறு வருடமாக அவனைத் தொலைபேசித் திரையில், கதிரையில் இருந்தபடியேதான் பார்க்கிறாள்.

என் பழைய கமரா, அழுத்தியபின் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கிறது. பதினொரு படங்களிலும் அவன் நிலத்துக்கு வந்துவிட்டான். இன்னொன்றில் வலையும் யாரோ ஒருவரின் முழங்கையும் மட்டும்.

பக்கத்தில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்பவர் எட்டிப் பார்க்கிறார்.

"அங்கிள், அவர் துள்ளினாப்பிறகு அமத்தினா பிந்திப்போகும். மற்றப் பெடியன் பந்தை உயத்திக் குடுக்கேக்கையே அமத்துங்கோ."

"அவன் துள்ளாட்டி?"

"உங்கட மகன்தானே. துள்ளுவார்."

பந்து உயர்கிறது. மகன் நிலத்தில் நிற்கும்போதே அழுத்துகிறேன். திரையில் அவன் வலைக்கு மேலே, இரண்டு கால்களும் காற்றில், வாயைத் திறந்தபடி.

நாளை விமான நிலையத்தில், ஊர் திரும்பும் என்னை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும் முன் ஒரு தடவை பார்ப்பான். அதற்கு எப்போது அழுத்த வேண்டும் என்று இவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.